கயிற்றை யாரும் இழுக்கவில்லை

உத்தனப்பள்ளியிலிருந்து ராயக்கோட்டை போகும் சாலையில், தக்காளித் தோட்டங்களுக்கு நடுவே ஆறு பெரிய வீடுகளும் ஒரு சின்ன வீடும் இருக்கின்றன. பெரிய வீடு ஒன்றில் நான் குடியிருக்கிறேன். சொந்த வீடா என்று யாராவது கேட்டால் பதில் சொல்லச் சங்கடமாக இருக்கும். நிலமும் வீடுகளும் ஆறு குடும்பங்கள் சேர்ந்து நடத்தும் சங்கத்துக்குச் சொந்தம். எங்களுக்கு இருப்பது குடியிருக்கும் உரிமை மட்டும். சமையலறை எல்லோருக்கும் ஒன்றுதான். துணி துவைக்க ஒரே மிஷின், வெளியூர் போக ஒரே கார். குளித்த தண்ணீர் வாழைக்குப் போவதால் சோப்பு கிடையாது, பூந்திக்கொட்டைதான். கழிப்பறையில் தண்ணீருக்குப் பதில் சாம்பல். இதையெல்லாம் கேட்டுவிட்டு என் தங்கை, "எந்தச் சாமியார்கிட்ட போய் மாட்டிக்கிட்டீங்க?" என்றாள். சாமியார் யாரும் இல்லை, எல்லோரும் மாதச் சம்பளக்காரர்கள்தான் என்றேன். அவளுக்கு அது இன்னும் பயமாக இருந்தது.

இங்கே வந்தது என் வீட்டுக்காரரின் ஆசை. அவர் ஓசூரில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் லைன் சூப்பர்வைசர். நான் வேறொரு தொழிற்சாலையில் பதினெட்டு வருடம் போல்ட்டுகளைச் சரிபார்க்கும் வேலையில் இருந்தேன். சரியில்லாததைச் சிவப்புத் தட்டில் போட வேண்டும், பக்கத்திலிருக்கும் தாளில் காரணம் எழுத வேண்டும். கண் மங்க ஆரம்பித்ததும் வேலையை விட்டேன். பிள்ளைகள் இல்லை. லைன் வீட்டில் பக்கத்து வீட்டு டிவி சத்தத்தைக் கேட்டுக்கொண்டே கிழடாகிவிடக் கூடாது என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். நானும் சரி என்றேன். பூந்திக்கொட்டையைப் பற்றி அப்போது யாரும் என்னிடம் சொல்லவில்லை.

வாரத்தில் ஒரு வீட்டுக்கு ஒரு நாள் சமையல். எங்களுடையது வியாழக்கிழமை. ஞாயிறு எல்லோரும் சேர்ந்து சமைப்போம். சனிக்கிழமை மாலை பொதுக்கூடத்தில் வட்டமாக உட்கார்ந்து பேசுவோம். அதற்குப் பெயரே வட்டம்தான். ஒரு முடிவு எடுக்க வேண்டுமானால் எல்லோரும் ஒத்துக்கொள்ள வேண்டும். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் எல்லோரும் படித்தவர்கள், எல்லோருக்கும் ஒரு கருத்து இருந்தது. கூடத்துக்குக் கொசுவலை அடிக்கலாமா வேண்டாமா என்று மூன்று சனிக்கிழமை பேசினார்கள். அதற்குள் எங்கள் எல்லோரையும் கொசு கடித்து முடித்திருந்தது.

என் வீட்டுக்காரருக்குப் பொறுக்கவில்லை. தொழிற்சாலையில் இருந்த ஏற்பாட்டை இங்கே கொண்டுவந்தார். அங்கே லைன் நெடுக ஒரு கயிறு தொங்கும். எவனுக்காவது தப்பு தெரிந்தால் கயிற்றை இழுப்பான், மணி அடிக்கும், லைன் நிற்கும். யாரும் இழுக்காவிட்டால் லைன் ஓடும். ஓடுகிற லைனைப் பார்த்து 'நன்றாக ஓடுகிறது' என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. அதேபோல் எங்கள் கூடத்தின் நடு உத்தரத்தில் ஒரு பித்தளை மணியைக் கட்டி நூல்கயிறு தொங்கவிட்டார். ஒரு விஷயத்தை மூன்று முறை கேட்பது, யாரும் கயிற்றை இழுக்காவிட்டால் முடிவு. இழுத்தவர் காரணம் சொல்ல வேண்டும். முடிவு எழுதிய பிறகும், பொருள் லாரி ஏறும்வரை லைனை நிறுத்தலாம் என்பதுபோல, காரியம் நடக்கும்வரை இழுக்கலாம். எல்லோருக்கும் இது பிடித்துப்போனது. அதற்குப் பிறகு வட்டம் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும்.

ஆறு வருடத்தில் நான் ஒரு முறைகூட அந்தக் கயிற்றைத் தொட்டதில்லை. எனக்குக் கருத்து இல்லாமல் இல்லை. சனிக்கிழமை மத்தியானமே காபி குடித்துக்கொண்டு என் கருத்தையெல்லாம் அவரிடம் கொட்டிவிடுவேன். சாயங்காலம் அவர் கயிற்றை இழுத்து அதைத் தன் கருத்தாகச் சொல்லுவார். அதனால் இங்கே அவருக்குச் சண்டைக்காரர் என்று பேர். சண்டை என்னுடையது என்று எங்கள் இருவருக்கும்தான் தெரியும்.

மாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மெயின் ரோட்டில் கம்பெனி பஸ்ஸுக்காக உட்கார்ந்திருந்தவர் அப்படியே போய்விட்டார். தூங்குகிறார் என்று நினைத்து டிரைவர் இரண்டு முறை ஹாரன் அடித்தாராம். யார் முதலில் வந்து சொன்னார்கள், நான் எந்தப் புடவையில் ரோட்டுக்கு ஓடினேன் என்பது எதுவும் நினைவில் இல்லை. அந்த ஹாரன் மட்டும், நான் கேட்காதது, நன்றாக நினைவில் இருக்கிறது.

அழுகை வரவில்லை. பதினாறாம் நாள் வரை சொந்தக்காரர்கள் இருந்தார்கள். அழாமல் இருக்கிறாள் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டது என் காதிலும் விழுந்தது. வேண்டுமென்று அழாமல் இருக்கவில்லை. பல் பிடுங்க மருந்து போட்ட பிறகு கன்னத்தைக் கிள்ளினால் எப்படி இருக்குமோ, உடம்பு முழுக்க அப்படி இருந்தது. அவர்கள் போன பிறகும் அப்படியே இருந்தது. கேரியரில் சாப்பாடு வந்தது, சாப்பிட்டேன். உப்பு இருந்ததா என்று தெரியாது.

எங்கள் ஆட்கள் நல்லவர்கள். அதில் எனக்கு இப்போதும் சந்தேகம் இல்லை. அவர் போன அடுத்த வாரமே கரும்பலகையில் வியாழக்கிழமைக்கு நேராக இருந்த என் வீட்டை அழித்துவிட்டு ஆளுக்கு ஒரு வாரமாகப் பிரித்துக்கொண்டார்கள். தண்ணீர்த் தொட்டி கழுவும் முறையிலிருந்தும் எடுத்தார்கள், விதை காயவைக்கும் வேலையிலிருந்தும் எடுத்தார்கள். வட்டத்தை நடத்துகிறவள் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்த்துவிட்டு வந்த கன்னடப் பெண். எதிர் வீடு. அவள் தினமும் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏனூ யோச்னெ மாடபேடி அக்கா, எதையும் யோசிக்காதீங்க, நாங்க பாத்துக்கறோம்" என்பாள். சரி என்பேன். எதைக் கேட்டாலும் சரி என்பதுதான் அப்போது சுலபமாக இருந்தது. சனிக்கிழமைகளில் கூட்டிக்கொண்டு போய் வட்டத்தில் உட்காரவைப்பாள், உட்காருவேன்.

ஆனி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜூஜுவாடியிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. புருஷன், பெண்டாட்டி, இரண்டு பெண் பிள்ளைகள். ஊர் அஞ்செட்டிப் பக்கம், அவன் ஜூஜுவாடியில் ஒரு குடோனில் வேலை, அவள் தையல். இப்படிச் சுற்றிப் பார்க்க மாதத்துக்கு இரண்டு பேராவது வருவார்கள். என் வீட்டையும் பார்க்க வேண்டும் என்றார்கள், காட்டினேன். மோர் கொடுத்தேன். உள்ளறை ஜன்னலைத் திறந்து, இங்கே காற்று நன்றாக வரும் என்றும் சொன்னேன். வந்தவர்களிடம் வேறு என்ன சொல்வார்கள்?

ஆடியில் ஒரு நாள் சாம்பல் வாளியை எடுத்துக்கொண்டு சின்ன வீட்டுப் பக்கமாகப் போனேன். சின்ன வீடு என்பது ஒரே அறை, விருந்தாளிகளுக்காகக் கட்டியது. கொத்தனார் சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சு பூசிக்கொண்டிருந்தார். உத்தனப்பள்ளிக்காரர், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், எங்கள் எல்லா வீட்டையும் கட்டியவர் அவர்தான். என்னைப் பார்த்ததும், "அம்மா, நல்ல வேள வந்தீங்க. அலமாரி எவ்ளோ ஒயரத்துல வெக்கறது? ஒங்களையே கேக்கச் சொன்னாங்க" என்றார்.

நான் வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் தூக்கிக் காட்டினேன். அவர் என் விரல் நுனிக்கு நேராகப் பென்சிலால் ஒரு கோடு போட்டார். "ஆணி கொஞ்சம் சேத்து அடிச்சித் தரேம்மா" என்றார். சரி என்று சொல்லிவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து கையைக் கழுவி, துண்டில் துடைத்து, நாற்காலியில் உட்கார்ந்து, கொஞ்ச நேரம் சும்மா இருந்த பிறகுதான் விருந்தாளி வீட்டு அலமாரிக்கு என் உயரம் எதற்கு என்று தோன்றியது.

எதிர் வீட்டுக்குப் போனேன். அவள் கணவர் கதவைத் திறந்துவிட்டு, என் முகத்தைப் பார்த்ததும் அவளைக் கூப்பிட்டார். நான் கேட்டதும் அவளுக்கு முகம் மாறிவிட்டது.

"அக்கா, வட்டத்துல பேசினோமே? ஒங்களுக்கு ஞாபகம் இல்லியா?"

"என்ன பேசினீங்க?"

"ஒருத்தரா இருக்கறவங்களுக்கு ஒரு ரூம், குடும்பத்துக்குப் பெரிய வீடுன்னு மொதல்லயே எழுதி வெச்சிருக்கோம் இல்லியா? இந்தப் பெரிய வீட்ல தனியா இருக்கறது ஒங்களுக்கும் கஷ்டம்னு... ஆவணி பொறந்ததும் நீங்க சின்ன வீட்டுக்கு, அந்த ஜூஜுவாடிக்காரங்க ஒங்க வீட்டுக்குன்னு மாத்திக்கலாம்னு. மூணு வாட்டி கேட்டேன் அக்கா. ஒங்களப் பாத்துத்தான் கேட்டேன்."

முடிவுகளை எழுதிவைக்கும் நோட்டு ஓய்வுபெற்ற வாத்தியார் வீட்டில் இருக்கும். அவரையும் அழைத்துவந்தாள். அவர் பக்கத்தைப் புரட்டிக் காட்டினார். என் பெயரும் வீட்டு எண்ணும் வாத்தியாருடைய குண்டு எழுத்தில் இருந்தன. அதன் கீழே, 'மூன்று முறை கேட்கப்பட்டது. கயிற்றை யாரும் இழுக்கவில்லை.'

"நீங்க அன்னிக்கு கயித்தயே பாத்துக்கினு இருந்தீங்கம்மா," என்றார் வாத்தியார். "நல்லா யோசிச்சித்தான் இழுக்காம வுட்டீங்கன்னு நாங்க நெனச்சோம்."

அப்போது எனக்கு அந்தச் சனிக்கிழமை நினைவு வந்தது. கயிற்றைப் பார்த்துக்கொண்டு இருந்தது உண்மைதான். அதன் நுனி பிரிந்து தும்பு தும்பாகத் தொங்கியது. தீக்குச்சியால் நுனியைப் பொசுக்கினால் பிரியாது என்று என் வீட்டுக்காரர் சொல்வாரே, யாராவது பொசுக்கக் கூடாதா என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மூன்று முறையும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்திருப்பேன் போலிருக்கிறது.

கோபம் வந்திருக்க வேண்டும். அவர்கள் இருவரும் அதை எதிர்பார்த்து நின்றார்கள். எனக்கு ஒன்றும் வரவில்லை. அந்தக் குடும்பம் எப்போது வருகிறது என்று மட்டும் கேட்டேன். பிள்ளைகளை ஆனி முடிவதற்குள்ளேயே உத்தனப்பள்ளிப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டார்களாம். ஆடியில் வீடு மாற வேண்டாம் என்று ஜூஜுவாடியிலிருந்து தினமும் இரண்டு பஸ் மாறி வந்துகொண்டிருக்கிறார்களாம். கொஞ்சம் சாமானும் பெரிய பெண்ணின் சைக்கிளும் எங்கள் கொட்டகையிலேயே இருந்தன. நானும் அந்தச் சைக்கிளைப் பார்த்திருக்கிறேன். யாருடையது என்று கேட்கவில்லை.

அடுத்த இரண்டு நாள் வீட்டுக்குள்ளேயே இருந்தேன். முன்னறை, உள்ளறை என்று நடந்தேன். அவருடைய சட்டைகள் கொக்கியில் இருந்தன. எனக்கு இரண்டு அறை எதற்கு என்று நானே கேட்டுப் பார்த்தேன். உள்ளறைக்கு வாரத்துக்கு ஒரு முறை பெருக்கத்தான் போகிறேன். சட்டம் நியாயமானது. அதில் அவரும் கையெழுத்துப் போட்டார், நானும் போட்டேன். போகாமல் இருக்க ஒரே ஒரு நல்ல காரணம் கிடைத்தாலும் போதும் என்று தேடினேன். கிடைக்கவில்லை. ஆனாலும் போகக் கூடாது என்பது மட்டும் பல்லுக்கு நடுவே சிக்கிய நார் மாதிரி இருந்துகொண்டே இருந்தது.

சனிக்கிழமை மத்தியானம் காபி போட்டேன். கைப்பழக்கம், இரண்டு டம்ளர். இரண்டையும் நானே குடித்தேன்.

சாயங்காலம் வட்டத்தில் மோட்டார் ரிப்பேர் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் எழுந்து போய்க் கயிற்றை இழுத்தேன். இழுக்கத் தெரியாமல் இழுத்தேன் போலிருக்கிறது, மணி தேவைக்கு மேல் அடித்தது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"மோட்டாருக்காம்மா?" என்றார் வாத்தியார்.

"இல்லீங்க சார். வீட்டுக்கு. நான் வீட்ட விட்டுப் போகமாட்டேன்."

வாத்தியார் மிகவும் மெதுவாக, காய்ச்சல்காரியிடம் பேசுவதுபோல், "காரணம் சொல்லணுமேம்மா. அவரு வெச்ச விதிதான் அது" என்றார்.

"காரணம் இல்ல."

"ஏதாவது ஒண்ணு..."

"பதினெட்டு வருஷம் ஒவ்வொரு போல்ட்டுக்கும் காரணம் எழுதினேன் சார். இதுக்கு எழுத வரல. அந்தப் புள்ளைங்களுக்குத்தான் எடம் வேணும், எனக்குத் தேவையில்ல, எல்லாம் தெரியுது. ஆனா எனக்கு மாற வேணாம். போகமாட்டேன்."

என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. இத்தனை வருடம் என் சொல்லை அவர் குரலில்தான் இந்தக் கூடத்தில் கேட்டிருக்கிறேன். எதிர் வீட்டுப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். துடைத்துக்கொண்டே, அந்த முடிவை நிறுத்திவைக்கலாமா என்று மூன்று முறை கேட்டாள். யாரும் கயிற்றை இழுக்கவில்லை. வாத்தியார் நோட்டில் எழுதினார். பிறகு மோட்டாரைப் பற்றிப் பேசினார்கள்.

வீடு எனக்கே என்று ஆனது. வீட்டுக்கு வந்து விளக்கைப் போட்டு உட்கார்ந்தேன். சந்தோஷமும் இல்லை, வெட்கமும் இல்லை. கேரியரில் உப்புமா வந்திருந்தது, சாப்பிட்டுவிட்டுப் பாத்திரத்தைக் கழுவி வைத்தேன்.

இரண்டு வாரம் கழித்து, ஞாயிற்றுக்கிழமை காலை, ஜூஜுவாடிப் பெண் தன் சாமானை எடுத்துப்போக வந்தாள். தெரிந்தவரின் டெம்போ ஒன்றில் புருஷன் மூட்டைகளை ஏற்றிக்கொண்டிருந்தான். எல்லோரும் அவர்களிடம் மன்னிப்புக் கேட்கிற மாதிரிப் பேசிக்கொண்டிருந்தார்கள். உத்தனப்பள்ளியிலேயே வாடகைக்கு வீடு பார்த்துத் தருவதாக வாத்தியார் சொன்னார். நான் வெளியே வராமல் இருந்திருக்கலாம். ஏனோ வந்து கொட்டகைப் பக்கம் நின்றேன். அவள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு என்னைத் தாண்டிப் போகப் பார்த்தாள்.

"கோவமா?" என்று கேட்டேன்.

"இல்லீங்க்கா" என்று சொல்லிவிட்டு இரண்டு அடி வைத்தாள். பிறகு நின்று திரும்பினாள்.

"கோவந்தாங்க்கா. இல்லன்னு சொன்னா அது பொய்யி. நீங்கதான ஜன்னலத் தெறந்து காத்து நல்லா வரும்னு காட்டுனீங்க? மோரு குடுத்தீங்க. பெரியவ எந்த செவுத்துல படம் ஒட்டறதுன்னு அன்னிக்கே பாத்து வெச்சிட்டா. பள்ளிக்கொடம் மாத்திட்டோம். வேணாம்னா அன்னிக்கே வேணாம்னு ஒரு வார்த்த சொல்றதுக்கு என்னாங்க்கா?"

மாசி மாதத்திலிருந்து என்னிடம் இந்தக் குரலில் யாரும் பேசவில்லை. எல்லோரும் தொட்டால் உடைந்துவிடுவேன் என்பதுபோலத்தான் பேசினார்கள். அவள் என்னை உயிரோடு இருக்கிற ஒரு ஆளாக நிறுத்திவைத்துத் திட்டினாள். பதில் சொல்லியே ஆக வேண்டியிருந்தது.

"எப்பவும் அவர்தான் சொல்லுவாரு" என்றேன். "நான் அவர்கிட்ட சொல்லுவேன், அவரு வட்டத்துல சொல்லுவாரு."

"அவரு எங்க அன்னிக்கு?"

அவளுக்குத் தெரிந்திருக்கும் என்றுதான் நினைத்தேன். தனியாக இருக்கும் ஒரு அம்மா என்று மட்டும்தான் இங்கே அவளிடம் சொல்லியிருக்கிறார்கள்.

"அவரு செத்துட்டாரு" என்றேன்.

காலமாகிவிட்டார், தவறிவிட்டார், போய்விட்டார் என்று எல்லோரும் எனக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன். என் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்னதும் கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டேன். எங்கிருந்தோ ஒரு சத்தம் வந்தது, அது நான்தான். டெம்போவில் நின்றவன்கூடத் திரும்பிப் பார்த்தான்.

அவள் என் பக்கத்தில் வரவில்லை, கையைப் பிடிக்கவில்லை, அழாதே என்று சொல்லவும் இல்லை. சைக்கிளின் ஹாண்டில்பாரைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றாள். கோபம் போன மாதிரியும் தெரியவில்லை. பிறகு, "டெம்போவுக்கு நேரமாச்சுங்க்கா" என்று சொல்லிவிட்டுத் தள்ளிக்கொண்டு போனாள். வண்டி மெயின் ரோட்டில் ஏறி ஓசூர்ப் பக்கம் திரும்பியது. நான் அழுதுகொண்டே இருந்தேன்.